குக்கிகள்: உதவியா, உளவா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் நாளிலேயே சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏதேனும் ஓர் இணைய தளத்தைத் திறந்தவுடன் திரையின் கீழாக ஒரு கட்டம் தோன்றும். "இந்தத் தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது. ஏற்றுக் கொள்கிறீர்களா?" என்று அது கேட்கும். ஏற்றால் என்ன ஆகும், மறுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல், கட்டம் மறைந்தால் போதும் என்று பலரும் ஏதோ ஒரு பட்டனில் கிளிக் செய்து விடுகின்றனர்.

சந்தேகம் வந்து இணையத்தில் தேடினால், குழப்பம் இன்னும் அதிகமாகிறது. "குக்கிகள் உங்களை வேவு பார்க்கின்றன, உடனே எல்லாவற்றையும் அழித்திடுங்கள்" என்கிறார் ஒருவர். "குக்கிகள் இல்லையேல் இலவச இன்டர்நெட்டே இல்லை" என்கிறார் அடுத்தவர். "மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்?" என்று கேட்கிறார் மூன்றாமவர். மூவருமே தாங்கள் சொல்வதே சரி என்று அடித்துப் பேசுகின்றனர். இந்தச் சண்டைக்கு ஏறத்தாழ முப்பது வயது ஆகிறது. இதில் எது உண்மை, எது வெறும் கருத்து, நாம் என்ன செய்திட வேண்டும் என்று இங்கு பார்க்கலாம்.

குக்கி என்பது என்ன?

பஸ் ஸ்டாண்ட் அருகே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விட்டால், ஒரு டோக்கன் தருவார்கள். அங்கிருப்பவர் உங்கள் முகத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், எண்ணைப் பார்த்து வண்டியைத் தருவார். குக்கியும் அப்படிப்பட்ட டோக்கன் தான்.

இணைய தளங்களைத் தரும் சர்வர் கம்ப்யூட்டர்களுக்கு இயல்பாகவே நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். அடுத்த பக்கத்தைக் கேட்டால் அதையும் அனுப்பும். இரண்டையும் கேட்டவர் ஒருவர் தான் என்று அதற்குத் தெரியாது. இதனால் ஆன்லைன் கடையில் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கம் சென்றால், கூடை காலியாகி விடும். இமெயில் தளத்தில் ஒவ்வொரு கடிதத்தைத் திறக்கும்போதும் பாஸ்வேர்ட் தர வேண்டியதிருக்கும்.

இதற்குத் தீர்வாக 1994 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி என்பவர் உருவாக்கியது தான் குக்கி. நீங்கள் முதல் முறை வரும்போது, சர்வர் ஒரு சிறிய டெக்ஸ்ட்டை, பெரும்பாலும் நீளமான ஓர் எண்ணை, உங்கள் பிரவுசரிடம் தருகிறது. பிரவுசர் அதனை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை அதே தளத்திற்குச் செல்கையில், அந்த எண்ணைத் திருப்பிக் காட்டுகிறது. அவ்வளவு தான்.

எனவே முதலில் ஒரு தவறான கருத்தை ஒதுக்கிவிடலாம். குக்கி என்பது வைரஸ் அல்ல. அது ஒரு புரோகிராமே அல்ல. அது உங்கள் பைல்களைத் திறந்து படிக்காது. ஒரு தளம் வைத்த குக்கியை, பிரவுசர் அந்தத் தளத்திற்கு மட்டுமே காட்டும். வேறு தளம் கேட்டால் தராது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ, வண்டி அவருக்குத் தான். நீங்கள் லாக் இன் செய்த பின்னர் கிடைக்கும் குக்கியை வேறு ஒருவர் காப்பி செய்துவிட்டால், பாஸ்வேர்ட் இல்லாமலேயே உங்கள் கணக்கிற்குள் நுழைய வாய்ப்புண்டு. கண்ட இடங்களில் கிடைக்கும் திருட்டு சாப்ட்வேர்களில் ஒளிந்திருக்கும் கெடுதல் புரோகிராம்கள் பல, இந்தக் குக்கிகளைத் தேடியே வருகின்றன. பிரவுசிங் சென்டரிலோ, நண்பர் வீட்டிலோ கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், விண்டோவை மூடினால் மட்டும் போதாது. லாக் அவுட் செய்திட வேண்டும் என்பது இதனால் தான்.

சண்டை எங்கே தொடங்கியது?

இதுவரை சொன்ன குக்கியைப் பற்றி யாருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் "தேர்ட் பார்ட்டி குக்கி" எனப்படும் மூன்றாம் தரப்புக் குக்கியைப் பற்றியது.

நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். செய்தி அந்தத் தளத்தின் சர்வரிலிருந்து வருகிறது. ஆனால் ஓரத்தில் உள்ள விளம்பரம், வேறு ஒரு விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. அந்த சர்வரும் உங்கள் பிரவுசருக்கு ஒரு டோக்கன் தரலாம். 4271 என்று வைத்துக் கொள்வோம். அடுத்து சமையல் குறிப்புத் தளம் ஒன்றிற்குச் செல்கிறீர்கள். அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம். பிரவுசர் 4271 என்று காட்டுகிறது. மாலையில் சர்க்கரை நோய் பற்றிப் படிக்கிறீர்கள். அங்கும் அதே 4271. இரவில் வீட்டுக் கடன் வட்டி பற்றிப் பார்க்கிறீர்கள். மீண்டும் 4271.

நீங்கள் சென்றது நான்கு வெவ்வேறு தளங்கள். ஒரு தளத்திற்கு மற்றதைப் பற்றித் தெரியாது. ஆனால் நீங்கள் பெயர் கூடக் கேள்விப்படாத விளம்பர நிறுவனத்திற்கு நான்கும் தெரியும். சமையலில் ஆர்வம், சர்க்கரை நோய் பற்றிய கவலை, வீடு வாங்கும் எண்ணம் என்று 4271 பற்றி ஒரு குறிப்பேடே தயாராகி விடுகிறது.

இந்த ஆபத்தை வல்லுநர்கள் தொடக்கத்திலேயே கண்டனர். இன்டர்நெட் வரையறைகளை வகுக்கும் பொறியாளர் குழு 1997 பிப்ரவரியில் ஆர்.எப்.சி. 2109 என்ற ஆவணத்தை வெளியிட்டது. மூன்றாம் தரப்புக் குக்கிகளைப் பிரவுசர்கள் அனுமதிக்கக் கூடாது, அனுமதித்தாலும் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டே இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. அன்று முன்னணியில் இருந்த நெட்ஸ்கேப் மற்றும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசர்கள் இதனைப் பின்பற்றவில்லை.

"எண் தானே, பெயர் இல்லையே?"

விளம்பர நிறுவனங்களின் தரப்பு வாதம் இது. 4271 என்பது ஒரு பிரவுசர். அது யார் என்று எங்களுக்குத் தெரியாது என்றனர். இந்த வாதத்திற்கு 1999ல் சோதனை வந்தது. டபுள்கிளிக் என்ற பெரிய அமெரிக்க விளம்பர நிறுவனம், அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. தபால் மூலம் பொருள் வாங்குவோரின் பெயர், முகவரி, வாங்கிய பொருட்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்த நிறுவனம் அது. எண்களையும் பெயர்களையும் இணைக்கும் திட்டம் வெளியே தெரிந்தவுடன் எதிர்ப்பு கிளம்பியது. வழக்குகள் வந்தன. அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எப்.டி.சி. விசாரணையைத் தொடங்கியது. 2000 மார்ச்சில் டபுள்கிளிக் அந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. இதே டபுள்கிளிக் நிறுவனத்தைப் பின்னர் கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கி, 2008 மார்ச்சில் தன்னுடன் இணைத்துக் கொண்டது.

இதிலிருந்து தெரிய வருவது, எண்ணுக்கும் பெயருக்கும் இடையே உள்ள சுவர் நிறுவனத்தின் வாக்குறுதியால் கட்டப்பட்டது என்பதே. எங்கேனும் ஒரு தளத்தில் உங்கள் இமெயில் முகவரியையோ போன் எண்ணையோ தந்து, அது அந்த எண்ணோடு சேர்க்கப்பட்டால், 4271க்கு முகம் வந்துவிடும்.

கேட்டுப் பார்த்தனர், பயனில்லை

அடுத்து ஒரு நாகரிகமான வழி முயற்சிக்கப்பட்டது. "டு நாட் டிராக்" என்று பெயர். பிரவுசரில் ஒரு கட்டத்தில் டிக் செய்துவிட்டால், "என்னைப் பின் தொடராதீர்கள்" என்ற வேண்டுகோள் ஒவ்வொரு தளத்திற்கும் செல்லும். 2011ல் பயர்பாக்ஸ் இதனைத் தந்தது. மற்ற பிரவுசர்களும் பின்பற்றின.

2012ல் மைக்ரோசாப்ட், தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 பிரவுசரில் இதனைத் தானாகவே இயங்கும்படி அமைப்பதாக அறிவித்தது. பெரும் சர்ச்சை வெடித்தது. "பயனாளர் தாமே தேர்ந்தெடுத்தால் தான் அது அவர் விருப்பம், நிறுவனம் தேர்ந்தெடுத்தால் மதிக்க மாட்டோம்" என்றது விளம்பரத் தரப்பு. "பின் தொடர்வதற்கு மட்டும் யார் விருப்பத்தைக் கேட்டீர்கள்?" என்றது எதிர்த் தரப்பு. டு நாட் டிராக் வரையறையை எழுதுவதில் பங்கு கொண்ட ராய் பீல்டிங் என்ற வல்லுநரே, அப்பாச்சி சர்வர் சாப்ட்வேரில் இந்தப் பிரவுசரின் வேண்டுகோளைப் புறக்கணிக்கும் மாற்றம் ஒன்றைச் சேர்த்தார். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் தளங்களில் பெரும்பாலானவை வேண்டுகோளைக் கண்டு கொள்ளவே இல்லை. 2019 ஜனவரியில் இதற்கான குழு கலைக்கப்பட்டது. 2025ல் பயர்பாக்ஸும் இந்தக் கட்டத்தை நீக்கிவிட்டது.

இந்தச் சண்டையில் புதியவர்கள் கற்றுக் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சாப்ட்வேரை நிறுவும்போது அதில் தானாக அமைந்திருக்கும் நிலையை, டிபால்ட் செட்டிங் என்பார்கள். பெரும்பாலானோர் அதனை மாற்றுவதே இல்லை. இது இரண்டு தரப்பிற்கும் தெரியும். அதனால் தான் அந்த ஒரு டிக் அடையாளத்திற்காக அவ்வளவு பெரிய சண்டை நடந்தது.

பிரவுசர்கள் பிரிந்து நின்றன

வேண்டுகோள் பயன் தராததால், சில பிரவுசர்கள் நேரடியாகத் தடுக்கத் தொடங்கின. ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி, 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. பயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல், ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனி டப்பா தந்து, ஒரு டப்பாவில் உள்ள குக்கி அடுத்ததற்குச் செல்லாமல் பார்த்துக் கொள்கிறது. ஆங்கோர் எண், இங்கோர் எண் என்று இருப்பதால், விளம்பர நிறுவனத்தால் இரண்டையும் சேர்க்க முடியாது.

கூகுள் குரோம் கதை வேறு. இரண்டு ஆண்டுகளில் நிறுத்தி விடுவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பின்னர் 2023 என்றது. பின்னர் 2024 என்றது. பின்னர் 2025 என்றது. 2024 ஜூலையில் இந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில், இதற்கெனத் தனிக் கேள்விக் கட்டமும் காட்டப் போவதில்லை என்று கூறிவிட்டது.

கூகுள் விளம்பரத்தில் வாழும் நிறுவனம், அதனால் தான் பின்வாங்கியது என்று சொல்வோர் உண்டு. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கூகுளிடம் தேடல் தளம், யு டியூப், ஜிமெயில் எல்லாம் இருப்பதால், மூன்றாம் தரப்புக் குக்கி இல்லாமலேயே அது நம்மைப் பற்றி நிறையத் தெரிந்து கொள்ள முடியும். சிறிய விளம்பர நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. குக்கியை நிறுத்தினால் கூகுள் மேலும் வலுப்பெறும் என்று அவை புகார் செய்தன. பிரிட்டனின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு இதனை விசாரித்தது. தனி நபர் ரகசியத்தைக் காக்கும் நடவடிக்கை ஒன்று, ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்தை வளர்க்கவும் கூடும் என்பது இந்தச் சர்ச்சையில் உள்ள உண்மையான சிக்கல்.

அந்தக் கட்டம் ஏன் வருகிறது?

குக்கிக்கு அனுமதி கேட்கும் கட்டம், ஐரோப்பிய யூனியன் சட்டங்களின் விளைவு. 2009ல் திருத்தப்பட்ட சட்ட நெறி, தளத்தை இயக்கக் கட்டாயம் தேவைப்படாத குக்கிகளுக்குப் பயனாளரின் சம்மதம் வேண்டும் என்றது. 2018 மே 25ல் நடைமுறைக்கு வந்த ஜி.டி.பி.ஆர். சட்டம், சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கியது. முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் பல தளங்கள் "ஏற்கிறேன்" என்ற பட்டனைப் பெரிதாகவும், மறுக்கும் வழியை நான்கு கிளிக் தள்ளியும் வைத்தன. ஏற்பது போல மறுப்பது எளிதாக இல்லை என்பதற்காக, பிரான்ஸ் நாட்டின் கண்காணிப்பு அமைப்பு, கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்து 2022 ஜனவரியில் அறிவித்தது. எனவே அடுத்த முறை அந்தக் கட்டம் வரும்போது, "மறுக்கிறேன்" என்பதைத் தயங்காமல் கிளிக் செய்திடலாம். தளம் இயங்கத் தேவையான குக்கிகள் அப்போதும் வேலை செய்யும்.

"எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை"

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கலாம். உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரே கம்ப்யூட்டர். அப்பா, அம்மா, மகள், மகன் எல்லோரும் ஒரே பிரவுசரைப் பயன்படுத்துகின்றனர். மார்பில் தெரிந்த ஒரு கட்டி பற்றி அம்மா ரகசியமாகத் தேடிப் படிக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரைப் பார்த்த பின் சொல்லலாம் என்று நினைக்கிறார். மறுநாள் மகன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் தளத்தைத் திறந்தால், பக்கத்தில் புற்றுநோய் மருத்துவமனை விளம்பரம். அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் எப்போது, யாரிடம் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடமிருந்து போய்விட்டது. ரகசியம் என்பது குற்றத்தை மறைப்பது அல்ல. இந்த உரிமை தான்.

நம் நாட்டில் இது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளது. 2023ல் தனி நபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின.

"விளம்பரம் இல்லையேல் இலவசம் இல்லை" என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நாம் காசு தராமல் படிக்கும் பல தளங்களுக்கு விளம்பரம் தான் வருமானம். ஆனால் விளம்பரம் வேறு, பின் தொடர்வது வேறு. சமையல் குறிப்புத் தளத்தில் மிக்ஸி விளம்பரம் போட, படிப்பவர் நேற்று எங்கே சென்றார் என்று தெரிய வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவோரிடம் கவனமாக இருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, செட்டிங்ஸ் செல்லவும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் தேர்ட் பார்ட்டி குக்கிகள் என்ற தலைப்பைத் திறந்து, அவற்றைத் தடுக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும்.

2. பயர்பாக்ஸ் பிரவுசரில் இந்தப் பாதுகாப்பு ஏற்கனவே இயங்குகிறது. எட்ஜ் பிரவுசரில் செட்டிங்ஸ் பகுதியில் டிராக்கிங் பிரிவென்ஷன் என்பதைத் தேடி, அது இயக்கத்தில் உள்ளதா எனப் பார்க்கவும்.

3. தடுத்த பின்னர் ஏதேனும் ஒரு தளம் சரியாக இயங்கவில்லை எனில், அந்தத் தளத்திற்கு மட்டும் அனுமதி தரலாம். மொத்தமாகப் பழைய நிலைக்குச் செல்ல வேண்டாம்.

4. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் விண்டோஸ் இயக்கத்தில் தனித்தனி யூசர் அக்கவுண்ட் அமைக்கவும். மேலே சொன்ன அம்மாவின் பிரச்னைக்கு இதுவே முதல் மருந்து.

5. கண்ட்ரோல் + ஷிப்ட் + டெலிட் கீகளை ஒன்றாக அழுத்தினால், குக்கிகளை அழிக்கும் விண்டோ கிடைக்கும். ஆனால் அழிக்கும் முன் உங்கள் இமெயில் பாஸ்வேர்ட் நினைவில் உள்ளதா என்று பாருங்கள். குக்கிகள் அழிந்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எங்கோ படித்த அறிவுரையை நம்பி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பாஸ்வேர்ட் மறந்திருந்தது, அதனை மீட்கத் தந்திருந்த போன் எண்ணும் பழையது. வெளிநாட்டில் இருக்கும் பேரனின் படங்கள் எல்லாம் அந்த இமெயிலில் தான் இருந்தன.

6. இன்காக்னிடோ விண்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நம்ப வேண்டாம். விண்டோவை மூடியவுடன் உங்கள் கம்ப்யூட்டரில் குக்கிகளும் ஹிஸ்டரியும் தங்காது, அவ்வளவு தான். இணைப்பு தரும் நிறுவனமும், நீங்கள் செல்லும் தளமும் உங்களைக் காண முடியும்.

7. குக்கியைத் தடுத்தால் முழுப் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். உங்கள் பிரவுசர் பதிப்பு, திரை அளவு, எழுத்துருக்கள் போன்றவற்றைச் சேர்த்தே உங்களை அடையாளம் காணும் வழி உண்டு. எலக்ட்ரானிக் பிரன்டியர் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2010ல் ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம் பிரவுசர் பதிவுகளைச் சோதித்தபோது, 83.6 சதவீதம் மற்ற எதனுடனும் ஒத்துப் போகாமல் தனித்துத் தெரிந்தன.

சண்டையைப் படிக்கும் முறை

குக்கி மட்டுமல்ல, எந்த சாப்ட்வேர் பற்றிய வாக்குவாதத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எழுதிய ஆண்டு எது? டு நாட் டிராக் கட்டத்தில் டிக் செய்யச் சொல்லும் பழைய அறிவுரைகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. சொல்பவருக்கு இதில் என்ன லாபம்? விளம்பர நிறுவனம், பிரவுசர் நிறுவனம், பாதுகாப்பு சாப்ட்வேர் விற்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. சொல்வது தகவலா, கருத்தா? "குரோம் இவற்றைத் தானாகத் தடுப்பதில்லை" என்பது தகவல். செட்டிங்ஸ் திறந்து நீங்களே சோதிக்கலாம். "எனவே குரோம் பயன்படுத்துவது முட்டாள்தனம்" என்பது கருத்து. தகவலை எடுத்துக் கொள்ளுங்கள். கருத்தை உங்கள் தேவையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இதனைப் படித்து முடித்தவுடன் உங்கள் பிரவுசரின் செட்டிங்ஸ் பகுதியை ஒரு முறை திறந்து பாருங்கள். முதல் வேலையாக, உங்கள் இமெயில் கணக்கில் உள்ள போன் எண் இப்போதும் உங்களுடையது தானா என்று சரி பார்த்துவிடுங்கள்.